திங்கள்-புதன்-வெள்ளிக் கூட்டம்

முதலில் தண்ணீர் அறையைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அப்புறம்! டயாலிசிஸ் மையம் என்றாலே நாற்காலி, இயந்திரம், ஊசி, கையில் கட்டு, இவைதான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். ஜோகூரின் பெர்மாஸ் ஜெயாவில், ஒரு கடைவரிசையில் இருக்கும் இந்த மையத்தின் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே விட்டார்கள் பாருங்கள், எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மையத்தின் பெயர் வேண்டாம் என்று பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். நோயாளிகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. உடம்பு அவர்களுடையது, கதையும் அவர்களுடையது.

மணி ஐந்து. நம் ஊர் விடிவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. வெளியே மோட்டார் சைக்கிள்கள் சாரை சாரையாகப் போகின்றன, எல்லாம் சிங்கப்பூர் வேலைக்கு. உள்ளே, ஆள் உயரத்துக்குத் தொட்டிகள். ஒன்றில் மணல், அடுத்ததில் கரி, அதற்கடுத்தது கடின நீரை மென்னீராக்கும் தொட்டி. அவற்றுக்கு அந்தப்புறம் பளபளவென்று நீளக் குழாய்கள். ஆர்.ஓ. சவ்வுகள் அதற்குள்தான் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கின்றன. தொழில்நுட்பப் பணியாளர் தம்பி கரித்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் தண்ணீர் பிடித்து, அதில் மருந்துப்பொடியைப் போட்டுக் குலுக்குகிறார். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறேன். தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறினால் அதில் குளோரின் மிச்சம் இருக்கிறது, இன்று யாரையும் இயந்திரத்தில் ஏற்ற முடியாது. நிறமே வராமல் இருந்தால் சரி.

நிறம் வரவில்லை! "ஓகே லா, கதவைத் திறக்கலாம்" என்கிறார் தம்பி. தினமும் முதல் ஷிப்டுக்கு முன்னால் இந்தச் சோதனை நடக்கிறதாம். நாற்காலியில் படுத்திருக்கும் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய நிலை அவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவர் நாலரைக்கே வருகிறார்.

ஏன் இத்தனை கவனம் தெரியுமா? நீங்களும் நானும் ஒரு நாளில் இரண்டு மூன்று லிட்டர் தண்ணீர் குடிப்போம். அதில் ஏதாவது கோளாறு இருந்தால் குடலும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும். டயாலிசிஸ் நோயாளியின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 120 லிட்டர் திரவம் ஓடுகிறது. நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர், நான்கு மணி நேரம், கணக்குப் போட்டுப் பாருங்கள். ரத்தத்துக்கும் அந்தத் திரவத்துக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு மட்டும்தான். 1996-இல் பிரேசிலில் கருவாரு என்ற ஊரில், குளத்துப் பாசியின் நஞ்சு கலந்த தண்ணீர் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குள் போய், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். நம் பக்கத்திலும் ஜோகூர் ஆற்றில் அமோனியா கலந்து நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடிய நாள்கள் உண்டு. வீட்டில் குழாய் வறண்டால் நாம் புலம்புவோம். இந்த மையத்தார் அன்றைக்குத் தண்ணீர் லாரிக்கு ஓட வேண்டும். குப்பியைத் தூக்கிப் பார்க்கும் அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கத் தோன்றியது. குலுக்கிவிட்டேன்!

ஐந்தரைக்குத் தாதிகள் வந்துவிட்டார்கள். இங்கே எல்லாருக்கும் அவர்கள் 'மிஸ்ஸி'தான். இப்போது நடப்பதை நான் நாள் முழுக்கப் பார்ப்பேன். ஒரு அடி நீளமுள்ள பிளாஸ்டிக் உருளையை இயந்திரத்தில் மாட்டுகிறார்கள். இதுதான் டயலைசர், வாடகைச் சிறுநீரகம். உள்ளே பல ஆயிரம் வெள்ளை இழைகள், ஒவ்வொன்றும் நடுவில் துளையுள்ள குழாய். சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் பொருத்தி, உப்புநீரை ஓடவிட்டு, உருளையை நிமிர்த்திப் பிடித்து உள்ளங்கையால் 'தட்... தட்... தட்' என்று தட்டுகிறார் மிஸ்ஸி. ஒவ்வொரு தட்டலுக்கும் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள் மேலே ஏறி ஓடுகின்றன. ஒரு குமிழிகூட மிஞ்சக் கூடாது. அறை முழுக்க அந்தத் தட்டல் சத்தம். இதைக் கேட்காமல் இருபது வருஷம் பெர்மாஸ் ஜெயாவில் பசியாறியவர்களை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

ஆறு மணிக்கு முதல் ஆள். செருப்பைக் கழற்றிவிட்டு எடைக்கருவியில் ஏறுகிறார். இங்கே எல்லாம் எடையில்தான் தொடங்கும். சிறுநீர் போகாத உடம்பில் குடித்த தண்ணீரெல்லாம் தங்கிவிடும். ஆகவே போன தடவை கிளம்பும்போது இருந்த எடையை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ, அவ்வளவு நீரையும் இன்றைக்கு எடுக்க வேண்டும். கூடுதல் நீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடைக்கு 'டிரை வெயிட்' என்று பெயர், தமிழ் ஆண்டியிலிருந்து சீன அங்கிள் வரை அந்தச் சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. "எவ்வளவு பாக்சிக்?" என்று மிஸ்ஸி கேட்க, "ஒன்னு புள்ளி எட்டு" என்று மலாயில் சொல்லிவிட்டுப் பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சுற்றிலும் பார்க்கிறார் பெரியவர். பக்கத்து நாற்காலிக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். அடுத்து வந்த அண்ணனுக்கு மூன்று கிலோ கூடிவிட்டது. நேற்று ஒரு கல்யாண வீடாம். யாரும் திட்டவில்லை. "ரசம் குடிச்சீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார் ஒரு அக்கா. அண்ணன் தலையை ஆட்டினார், அதோடு சரி.

அந்த அக்காவைப் பற்றித்தான் இன்னும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவருடைய இடது கை. முழங்கைக்குக் கீழே நரம்பு விரல் பருமனுக்குப் புடைத்து வளைந்து போகிறது. "தொட்டுப் பாருங்க" என்றார். தொட்டேன். உள்ளே ஒரு அதிர்வு, விடாமல், விரல்நுனியில் கிர்ரென்று! தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள். தமனியின் வேகம் சிரைக்குள் பாய்வதால் வருகிற துடிப்பு அது. 'ஃபிஸ்துலா' என்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி மருத்துவமனையில் பிரெசியா, சிமினோ, அவர்களுடைய சகாக்கள் சேர்ந்து 1966-இல் உலகுக்குச் சொன்ன முறை. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, ஊசி போடக் கூடாது, கனமான பை தூக்கக் கூடாது, அதன் மேல் தலைவைத்துத் தூங்கக் கூடாது. அக்கா காலையில் கண் விழித்ததும் சாமி கும்பிடுவதற்கு முன்னால் அந்தத் துடிப்பைத் தொட்டுப் பார்த்துவிடுவாராம். துடிப்பு நின்றால் உடனே ஆஸ்பத்திரி.

அக்கா பாசிர் கூடாங் பக்கம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர் வேலை பார்த்தவர். அப்பா அம்மா மாசாய்ப் பக்கத் தோட்டத்து ஆள்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் இனிப்புநீர். இதை அவர் மட்டுமா சொல்கிறார்? 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருக்கிறது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீரால் சிறுநீரகத்தை இழந்தவர்கள். மலேசியாவில் டயாலிசிஸில் இருப்பவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். ஒரு நடுத்தர ஊரே வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் படுத்திருக்கிறது!

"மொத நாள் வந்தப்ப அழுதேன். ரெண்டாவது நாளும் அழுதேன். மூனாவது நாளு, அந்தா அந்த மூலையில படுத்திருக்காங்களே சீன ஆண்டி, அவங்க ஒரு போர்வைய எடுத்து எம்மேல போட்டாங்க. குளிருது இல்ல, அதான் பாதி அழுகைன்னாங்க" என்றார் அக்கா. உண்மைதான். ரத்தம் உடம்புக்கு வெளியே ஒரு சுற்றுப் போய்வரும்போது குளிரும். குளிர்சாதனம் வேறு. புதிதாக வருகிறவருக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இப்போது இங்கே சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் நான் உங்களுக்குக் காட்டத் துடிக்கும் விஷயம்!

வரவேற்பு மேசையின் இழுப்பறையில் ஒரு கோப்பு இருக்கிறது. தடித்த நீல அட்டை. ஓய்வுபெற்ற ஒரு கிராணி, அவரும் இங்கே நோயாளிதான், ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொரு பக்கமும் ஒரு நோயாளி எழுதியது. மலாய், தமிழ், சீனம், எல்லாம் கலந்து. இடையிடையே மிஸ்ஸி போட்ட படங்கள். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் ஊசி குத்தியதும், பழைய ஆள் ஒருவர் இந்தக் கோப்போடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். நான் அதைப் புரட்டினேன், புரட்டினேன், வைக்கவே மனம் வரவில்லை.

சமையல் பக்கங்களைக் கேளுங்கள். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, சன்னமாக வெட்டி, நிறைய நீரில் ஊறப்போட்டு அந்த நீரைக் கொட்டிவிட்டு, வேறு நீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிடு. பொட்டாசியத்தில் பெரும்பகுதி போய்விடும். கீரையும் அப்படித்தான், வெந்த தண்ணீரைக் குழம்பில் சேர்க்காதே. இளநீர் வேண்டவே வேண்டாம், வெயில் எவ்வளவு அடித்தாலும். ஊரே நல்லது என்று சொல்லும் இளநீரில் இருக்கிற பொட்டாசியம் இவர்களுடைய இதயத் துடிப்பையே நிறுத்திவிடக் கூடும். பெலிம்பிங், அதான் நட்சத்திரப் பழம், அதன் பக்கமே போகாதே. சிறுநீரகம் வெளியேற்றாத அதன் நஞ்சு மூளைக்குப் போகும், விக்கலில் தொடங்கி வலிப்பில் முடியும். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொள். ஒரு நாள் தண்ணீரைக் காலையிலேயே ஒரு போத்தலில் அளந்து வை, மாத்திரைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முறுக்கு? இரண்டு. யாரோ 'இரண்டு' என்பதற்குக் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறார்கள்.

மருத்துவர்கள் சொல்வதும் இதேதான். ஆனால் வெந்த தண்ணீரைக் கொட்டும்போது மாமியார் ஒரு மாதிரி பார்ப்பார், அதற்கு என்ன பதில் சொல்லலாம் என்பதை எந்த மருத்துவர் எழுதிக்கொடுப்பார்? இங்கே எழுதியிருக்கிறார்கள்!

சமையலை விடப் பரபரப்பானது பாரங்களைப் பற்றிய பகுதி. சிரிக்காதீர்கள், பாரம் நிரப்புவதைப் பற்றிப் படித்து எனக்குப் புல்லரித்தது. முதல் வரியே பெரிய எழுத்தில்: 'வேலையை விடாதே. முதலில் சொக்சோவுக்குப் போ.' ஏன்? கிட்னி போய்விட்டது என்றதும் பலர் செய்கிற முதல் காரியம் வேலையை விடுவது. பிறகு ஆறு மாதம், ஒரு வருஷம் வீட்டில் கிடப்பார்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு, விண்ணப்பம் போகிற மாதத்துக்கு முந்திய 40 மாதங்களில் 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனைகளில் ஒன்று. 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். வேலையை விட்டுத் தாமதிக்கத் தாமதிக்க அந்த 40 மாத ஜன்னல் நகர்ந்துகொண்டே போகும். தகுதி கிடைத்துவிட்டால் ஒரு முறைக்கு 150 ரிங்கிட், மாதம் 13 முறை வரை சொக்சோ கட்டும். மாதத்துக்கு 1,950 ரிங்கிட்! ஒரு குடும்பம் நிற்பதா விழுவதா என்பதை அந்த ஒரு வரி தீர்மானிக்கிறது. இதை எழுதியவர் அந்த ஜன்னலைத் தவறவிட்டவர். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தின் உதவியில் அவருடைய டயாலிசிஸ் ஓடுகிறது. "நான் எழுதலன்னா வேற யாரு எழுதுவா?" என்றார்.

அடுத்த பக்கம் ஊழியர் சேமநிதி. தீவிர நோய்க்கான மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து எடுக்கலாம், 2024 முதல் அது 'செஜாத்தெரா' கணக்கில் இருக்கிறது. அதற்கடுத்தது சமூகநல இலாகா. உதவித்தொகைகள் என்னென்ன, எந்த ஆவணம் எத்தனை நகல். ஐசி, வங்கிப் புத்தகம், மின்கட்டண ரசீது, நிபுணரின் கடிதம். கடிதத்தை முதலில் வாங்கு, அதற்குத்தான் நாளாகும் என்று ஓர் அம்புக்குறி. முஸ்லிம்களுக்கு ஜக்காத் வழி இருக்கிறது, மற்றவர்கள் தொண்டு நிறுவன மையங்களை நாட வேண்டும், அந்த மையங்களுக்குச் சுகாதார அமைச்சின் மானியம் உண்டு. சுல்தானா அமீனா, சுல்தான் இஸ்மாயில் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளில் மருத்துவ சமூகப்பணி அதிகாரிகள் இருக்கிறார்கள். டாக்டரைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடாமல் அவர்களைப் போய்ப் பார். இதற்கும் கீழே கோடு.

பெர்மாஸ் ஜெயாவுக்கே உரிய ஒரு பக்கமும் உண்டு. இங்கே எத்தனையோ வீடுகளில் சம்பாதிக்கிறவர் சிங்கப்பூரில் சம்பாதிக்கிறார். நல்ல சம்பளம், ஆனால் இங்கே சொக்சோ கட்டுவது பெரும்பாலும் விட்டுப்போய்விடும். அங்கே உதவித்தொகையோடு கிடைக்கும் டயாலிசிஸ் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். ஆகப் பதினைந்து வருஷம் கடலைத் தாண்டி உழைத்தவர் நோயில் விழும்போது, இந்தக் கரையிலும் பிடிமானம் இல்லை, அந்தக் கரையிலும் இல்லை. இதைப் பற்றி இந்த ஊரில் வீட்டுக்கு வீடு பேச வேண்டும். ஆரோக்கியமாக இருக்கும்போதே பேச வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரரும் சிங்கப்பூரில்தான் லாரி ஓட்டுகிறார். 2020 மார்ச் 18-இல் எல்லை மூடியபோது அவர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். அக்காவுக்கு அப்போது டயாலிசிஸ் ஆரம்பித்து ஒரு வருஷம். வாரத்துக்கு மூன்று நாள், காலை ஐந்தரைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது? "எதிர்வீட்டு மலாய்க்காரத் தம்பி திங்கள்கிழமை. மூனாவது வீட்டு ஆசிரியர் புதன். வெள்ளிக்கிழமைக்கு என் மகளோட தோழியோட அப்பா. அட்டவணை போட்டு எங்க வீட்டு கேட்ல ஒட்டுனாங்க" என்று சொல்லும்போது அக்காவின் குரல் கம்மியது. தரைவழி எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1. அதுவரை அந்த அட்டவணை கிழியவில்லையாம். எனக்கு அதைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. ஊசி குத்திக்கொண்டு படுத்திருப்பவர்கள் நடுவில் அதைச் செய்ய முடியாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

போக்குவரத்தைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்கள் ஒரு தடவை கணக்குப் போடட்டும். போகவர 20 ரிங்கிட் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 13 முறைக்கு 260 ரிங்கிட். அது ஒரு வீட்டின் அரிசி பருப்புச் செலவு. பணம் இல்லாத வாரத்தில் ஒரு முறை விட்டுப்போகும். விட்ட அந்த ஒரு முறையில் நீரும் பொட்டாசியமும் உடம்பில் ஏறும். ஞாயிறு மையம் மூடியிருப்பதால் வார இறுதியில் வருகிற அந்த இரண்டு நாள் இடைவெளிதான் வாரத்திலேயே ஆபத்தானது என்பது உலகமெங்கும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். இங்கே இந்தப் போக்குவரத்துக்கு ஒரு உள்ளூர்க் கோணம் இருக்கிறது. ஜோகூரில் 2014 முதல் வெள்ளி-சனி விடுமுறை, 2025 சனவரி 1 முதல் மறுபடி சனி-ஞாயிறு. திங்கள்-புதன்-வெள்ளிக் கூட்டத்துக்கு வெள்ளிக்கிழமை காரோட்டிய பிள்ளைகள் இப்போது வேலையில் இருக்கிறார்கள். செவ்வாய்-வியாழன்-சனிக் கூட்டத்துக்குச் சனிக்கிழமை முன்போலவே விடுமுறை, அவர்களுக்கு மாற்றம் இல்லை. ஒரு விடுமுறை நாள் மாறினால் யார் யாருக்கு வண்டி போகும் என்று இந்த நாற்காலிகளில் இருப்பவர்கள்தான் முதலில் கவனித்தார்கள்!

கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அமெரிக்காவின் டயாலிசிஸ் நோயாளி ஷெப் கிளேசர் நினைவுக்கு வந்தார். 1960-இல் சியாட்டிலில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையில் நிரந்தரமாக இருக்கும் குழாயைக் கண்டுபிடித்த பிறகு, நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வாழ முடியும் என்றானது. ஆனால் இயந்திரங்கள் குறைவு, செலவு மலைபோல. யாருக்குக் கொடுப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் குழு ஒன்று உட்கார்ந்து தீர்மானித்த கொடுமையெல்லாம் நடந்தது. 1971 நவம்பர் 4 அன்று கிளேசர், நோயாளிகள் சங்கத்தின் துணைத்தலைவர், அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒரு குழுவின் முன் இயந்திரத்தோடு வந்தார். டயாலிசிஸ் செய்துகொண்டே பேசினார்! அங்கே ஏதாவது நடந்துவிட்டால் என்று மருத்துவர்களே நடுங்கினார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 30-இல், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் சிகிச்சைச் செலவை அரசாங்கக் காப்பீடு ஏற்கும் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பலருடைய உழைப்பு உண்டு. ஆனாலும் நோயைச் சுமந்தவரே வந்து நின்று காட்டியதை அந்த அறையில் இருந்தவர்கள் மறக்கவில்லை.

பெர்மாஸ் ஜெயாவின் நீலக் கோப்பு அதே வகைச் சாட்சியம் என்றே எனக்குப் படுகிறது. நோயாளிக்கு என்ன உதவி தேவை என்று தீர்மானிக்கும் மேசைகளில் நோயாளி உட்காருவதில்லை. உட்கார்ந்தால் என்ன கேட்பார் என்பதற்குப் பக்கம் பக்கமாகப் பதில் இங்கே கிடைக்கிறது. ஒரே பாரம் போதாதா, ஒவ்வோர் அலுவலகத்திலும் அதே விவரத்தை ஏன் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? முகப்பில் நிற்க முடியாதவருக்கு அதிகாரி மையத்துக்கே வந்தால் என்ன? நாலு மணி நேரம் எங்கும் ஓடாமல் படுத்திருக்கிறோமே, எங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமா? இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பளிச்சென்றது. எவ்வளவு எளிய யோசனை! மாதம் ஒரு நாள் சமூகநல அதிகாரியும் சொக்சோ அதிகாரியும் டயாலிசிஸ் மையத்துக்கு வந்து நாற்காலி நாற்காலியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டு போகட்டும்.

நடக்காத காரியமா இது? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ரத்த அழுத்த, இனிப்புநீர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் இருப்பவருக்கு வலி தணிக்கும் பராமரிப்பும் உடற்பயிற்சிச் சிகிச்சையும் வீட்டிலேயே. வயிற்றின் வழியாக வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வீடு தேடி வருகின்றன. நம் நாட்டிலும் அந்த வயிற்றுவழி முறை அரசு ஆஸ்பத்திரிகளில் உண்டு. அலைய முடியாதவர்களுக்கும் வேலையை விட மனம் இல்லாதவர்களுக்கும் அது பெரிய வரம். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று கோப்பிலும் ஒரு ஆசிரியை எழுதியிருக்கிறார். இரவில் தூங்கும்போது இயந்திரம் வேலை செய்கிறது, காலையில் அவர் பள்ளிக்கூடம் போகிறார். இங்கே நண்பர்களைப் பார்க்க மட்டும் வருவாராம்!

வாசல் பெஞ்சைக் காட்டாமல் போனால் இந்தச் சுற்று முடியாது. உள்ளே நாற்காலியில் இருப்பவர்களைப் பற்றி எல்லாரும் பேசுவோம். வெளியே, பிளாஸ்டிக் பையில் போர்வை, வெந்நீர்க் குடுவை, பிஸ்கட் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் மனைவிமார், மகள்கள், சில கணவர்கள். அவர்களுக்கும் வாரத்தில் மூன்று நாள் போய்விடுகிறது. முழுக்கப் படுக்கையாகிவிட்ட நோயாளியைக் கவனிப்பவருக்குச் சமூகநல இலாகாவின் உதவித்தொகை உண்டு, 2021-இல் அதை மாதம் 500 ரிங்கிட்டாக உயர்த்தினார்கள். நடந்து வந்து நடந்து போகிற நோயாளியைக் கவனிப்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. மாற்றுத்திறனாளி அட்டையின் ஏழு பிரிவுகளிலும் சிறுநீரகச் செயலிழப்பு தனியாக இல்லை. கால் போனாலோ கண் போனாலோ அட்டை உண்டு. ஆனால் நாலு மணி நேரம் முடிந்து எழும்போது இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு நாள் வந்து பாருங்கள். காலில் சதை இழுத்து, தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வீட்டுக்குப் போனால் மாலைவரை தூக்கம். அந்த நேரத்தில் கதவைத் திறந்து, கையைப் பிடித்து, கஞ்சி வைத்துக் கொடுப்பவர் ஒரு வேலைக்காரரைவிட அதிகம் உழைக்கிறார். இதற்கு ஒரு கணக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பெஞ்சில் இருந்த ஒரு மூத்த அம்மா கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருந்தார். பேத்திக்கா என்று கேட்டேன். "இல்லய்யா, உள்ள இருக்கிறவங்களுக்கு. கால் குளிருமில்ல. எங்க வீட்டுக்காரரு போயி மூனு வருஷமாச்சி. நான் மட்டும் வந்துகிட்டிருக்கேன்" என்றார். உள்ளே எட்டிப் பார்த்தேன். வரிசையாக, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் காலுறைகள்!

பத்தேகாலுக்கு இயந்திரங்கள் ஒவ்வொன்றாகக் கூவ ஆரம்பித்தன. எந்த ஒலி எதற்கு என்று நோயாளிகளுக்குத் தெரியும். "அது என்னோடது இல்ல, மூனாம் நம்பர்" என்று கண்ணைத் திறக்காமலேயே சொல்கிறார்கள். ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பி, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்துத் தாங்களே அழுத்திக்கொண்டு, மறுபடி எடைக்கருவி. மூன்று கிலோ அண்ணன் இறங்கும்போது எல்லார் கண்ணும் எண்ணில்தான். சரியாக வந்துவிட்டது. அப்படியொரு சத்தம்! மலாயில், தமிழில், சீனத்தில்! அண்ணன் சிரித்துக்கொண்டே கிராப் கார் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்கிறார். வாசலில் பதினொரு மணி ஷிப்டின் முதல் ஆள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பின்னறையில் தம்பி மறுபடி குப்பியோடு.

இனி உங்களுக்கு. நாற்பது வயதைத் தாண்டி, எஸ்டிஆர் உதவித்தொகை வாங்குகிறவர் வீட்டில் இருந்தால், 2019 முதல் நடக்கும் பெகா பி40 திட்டத்தில் ரத்தச் சர்க்கரையும் சிறுநீரகமும் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். பதிவு செய்த கிளினிக்குக்கு ஐசியோடு போனால் போதும். மற்றவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். வீட்டில் நோய் வந்துவிட்டதா, வேலையை விடுவதற்கு முன்னால் சொக்சோவுக்கும் ஆஸ்பத்திரியின் சமூகப்பணி அதிகாரியிடமும் போங்கள். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் 15999, தாலியான் காசே, இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

பெர்மாஸ் ஜெயாவிலோ ரிந்திங்கிலோ மாசாயிலோ உங்களிடம் ஒரு கார் இருந்தால், உங்கள் தெருவில் டயாலிசிஸுக்குப் போகிறவர் யார் என்று விசாரியுங்கள். திங்கள்-புதன்-வெள்ளியா, செவ்வாய்-வியாழன்-சனியா என்று கேளுங்கள். அதில் ஒரு நாளை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.